ஜெயாக்கா கட்டம்

கொஞ்சம் தள்ளி உட்கார், தாயி. இன்னும் கொஞ்சம். ஜன்னல் பக்கம் நீயே இரு, எனக்கு வேண்டாம், பஸ் காற்று பட்டால் காது குத்தும். பையை மட்டும் அங்கிட்டு வை. அந்த விளையாட்டுப் பெட்டியையும். அதைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். என் கண்ணில் படாமல் வை.

யாருக்கு வாங்கினாய்? அக்கா பிள்ளைகளுக்கா? நல்லது. கோவில்பட்டியில் வேறு சாமானே கிடைக்கவில்லையா?

நீயும் விளையாடியிருக்கிறாயா? சின்னப் பிள்ளையிலிருந்தா? அப்படியானால் நான் விளக்க வேண்டியதில்லை. 'குழாயடி' என்று பெயர். ஆளுக்கு ஒரு குடம். வீட்டிலிருந்து கிளம்பி, தெருமுனைக் குழாய்க்குப் போய், வரிசையில் நின்று, தண்ணீர் பிடித்து, சிந்தாமல் வீடு வந்து சேர வேண்டும். நடுவில் கட்டத்துக்குக் கட்டம் இடைஞ்சல். அதில் குழாய்க்கு முந்தின கட்டத்தில் ஒரு பொம்பளை நிற்கிறாளே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் ஒரு கை, காற்றில் ஒரு கை, வாய் அகலத் திறந்து. அவளுக்குக் கீழே என்ன எழுதியிருக்கும்? சொல்லு. பரவாயில்லை, சொல்லு.

"ஜெயாக்கா வந்துட்டா! வரிசைக் கடைசிக்குப் போ."

என் பெயர் ஜெயக்கொடி.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? ஒத்துப் பார்க்கிறாயா? நன்றாகப் பார்த்துக்கொள். எனக்கு அவ்வளவு பெரிய மூக்கா? சும்மா சொல்லு. சரி, விடு.

இன்றைக்குச் சிவகாசிக்கு எதற்குப் போகிறேன் தெரியுமா? அந்தக் கட்டத்துக்காகத்தான். மெட்ராஸ் கம்பெனி ஒன்று அந்த விளையாட்டை எடுத்திருக்கிறது. புதுப் பெட்டி, புதுப் படம், எல்லாம் புதுசு. இன்றைக்கு அங்கே அச்சாபீஸ் மிஷினில் ஏற்றுகிறார்கள். அந்தக் கட்டத்தைப் பற்றி இரண்டில் ஒன்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

அந்த விளையாட்டைச் செய்தவள் வேறு யாருமில்லை. என் கொழுந்தன் பெண்டாட்டி வடிவு. டிவியில் கூட வந்தாள், பார்த்திருப்பாய். பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு, 'எங்க தெருவைப் பார்த்துப் பார்த்துத் தோணுச்சு' என்றாள். தெருவையாம். தெரு என்ன சொல்லிக் கொடுத்தது அவளுக்கு? தெருவில் நின்றது யார்? நான் நின்றேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

அவள் தென்காசிப் பக்கத்துப் பெண். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற ஊர். கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளேயே குறுக்கே சுவர் வைத்துப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். வந்த புதிதில் முகம் கழுவ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏட்டி, யானையா குளிக்குது?" என்றேன். அதற்கே மூன்று நாள் பேசவில்லை. அவ்வளவு ரோஷம்.

எனக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியும். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். பிறந்த வீட்டுத் தெருவில் குழாய் வருகிற நேரமும் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரமும் ஒன்று. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவாள். யாராவது வரிசையில் நிற்க வேண்டுமே. நின்றேன். ஆறாம் வகுப்பு வாத்தியார் ஒருமுறை குழாயடிக்கே வந்து கூப்பிட்டார். "ஸார், நான் போயிட்டா என் இடம் போயிரும்" என்றேன். அவர் போய்விட்டார். இடம் போகவில்லை.

வடிவு வந்த பிறகு ஒரு தண்ணீர்ப் பஞ்ச வருஷம், நீ பிறந்திருக்க மாட்டாய். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று மாரியாத்தாளுக்கே தெரியாது. வரும் வரும் என்று வரிசை மட்டும் எப்போதும் இருக்கும். ஆள் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? சோறு பொங்க வேண்டாமா? நான்தான் முதலில் ஒரு அரைச் செங்கலில் சுண்ணாம்பு தடவி வரிசையில் வைத்தேன். 'இது நான். நான் வருகிற வரைக்கும் இது நிற்கும்.' முதலில் கத்தினார்கள். பிறகு ஆளாளுக்கு வைக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி பிய்ந்த செருப்பு, ஒருத்தி ஓட்டைச் சட்டி. ஆட்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள், வரிசை மட்டும் தெருவில் நிற்கும்.

ஒருநாள் இந்த வடிவு வந்து என் செங்கலுக்கு முன்னால் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏட்டி, கண்ணு தெரியலையா? நான் நிக்கேன்ல?"

"நீ எங்க யக்கா நிக்கே? கல்லுல்லா நிக்குது. கல்லு தண்ணி குடிக்குமா?"

"கல்லு குடிக்காது. கல்லை வச்சவ குடிப்பா. எடு குடத்தை."

"ஆள் இருக்கையில கல்லுக்கு வழி விடணுமா? எந்த ஊரு நியாயம்?"

"இந்த ஊரு நியாயம். உன் ஊர்ல போயி வாய்க்கால்ல விழு."

நானாகச் சண்டைக்குப் போகவில்லை. குடத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன், அவ்வளவுதான். அது உருண்டு சாக்கடைக்குப் போனதற்கு நான் என்ன செய்வேன்? தரை சரிவு.

அன்றிலிருந்து அவள் குழாயடிக்கு வரவில்லை. கொழுந்தன்தான் வந்து பிடித்துக்கொண்டு போவான், ஆம்பிளை, வெட்கப்பட்டுக்கொண்டு. இவள் உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்றால், படம் வரைகிறாள். கொழுந்தனுக்குச் சிவகாசி காலண்டர் ஆபீசில் அட்டை வெட்டுகிற வேலை. வெட்டி மிச்சமான அட்டை வீட்டில் அடுக்கிக் கிடக்கும். அதன் முதுகில் கட்டம் போட்டு, தெருவைப் போட்டு, குழாயைப் போட்டு, பிள்ளைகளைக் கூட்டி உட்கார்த்தி வைத்துக்கொண்டு விளையாடுகிறாள். லீவுக்காலம். தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். என் மகளும்தான்.

ஒருநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஜெயாக்கா வந்துட்டா! ஜெயாக்கா வந்துட்டா!" என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். யாருக்காவது அடிபட்டுவிட்டதோ என்று ஓடினேன். போய்ப் பார்த்தால் எல்லாம் வட்டமாக உட்கார்ந்திருக்கிறதுகள். என்னைப் பார்த்ததும் ஒரு சத்தமில்லை. நடுவில் அட்டை. அட்டையில் நான்.

என் மகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பெற்ற மகள்.

"எதுக்கு என் பேரைப் போட்ட?" என்றேன்.

வடிவு ஒன்றும் பயப்படவில்லை. "வேற பேரு போட்டுப் பார்த்தேன் யக்கா. சொர்ணாக்கான்னு போட்டேன், முத்தக்கான்னு போட்டேன். பிள்ளைக பயப்பட மாட்டேங்குது. உன் பேரைச் சொன்னாத்தான் அதுகளுக்கு விளையாட்டு சூடு பிடிக்குது."

இதற்கு நீ என்ன சொல்வாய்? நான் அட்டையைக் கிழித்துப் போட்டேன். நீயாக இருந்தாலும் கிழித்திருப்பாய்.

மறுநாளே இன்னொன்று வரைந்துவிட்டாள். கிழிக்கக் கிழிக்க வரைந்தாள். அந்தப் படத்தில் என் மூக்கு ஒவ்வொரு தடவையும் பெருத்துக்கொண்டே போனது. அது வேண்டுமென்று செய்ததுதான்.

அதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் எது தெரியுமா? கல். உன் பெட்டிக்குள் ஒரு சின்னச் செங்கல் இருக்கும் பார், ஆளுக்கு ஒன்று. அதை வரிசையில் வைத்துவிட்டு நீ வேறு வேலைக்குப் போகலாம், உன் இடம் போகாது. அந்த விளையாட்டில் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான். எப்போது வைப்பது, எப்போது எடுப்பது. மற்றதெல்லாம் சும்மா நகர்த்துகிறதுதான். அந்தக் கல் யாருடையது? என்னுடையது. குழாயடியில் "எந்த ஊரு நியாயம்" என்று கேட்டவள், அந்த நியாயத்தையே எடுத்து அட்டையில் வைத்து ஊரெல்லாம் விற்கிறாள். என் கல்லை எடுத்துக்கொண்டு, எனக்குப் பேய் வேஷம் கட்டிவிட்டாள்.

ஆனாலும் நான் உதவி செய்யாமல் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். உருட்டுவதற்குப் புளியங்கொட்டை. ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் தரையில் உரச வேண்டும். அவள் உரசினால் கோணலாகப் போகும், எப்போது போட்டாலும் கறுப்பே விழும். பார்க்கச் சகிக்காது. "கொண்டா இங்க" என்று பிடுங்கி நானே உரசிக் கொடுத்தேன். அதற்காகச் சமாதானமாகிவிட்டேன் என்று அர்த்தமில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் உரசினேன். அடுத்த தெருக்காரர்கள் கேட்டார்கள், உறவுக்காரர்கள் கேட்டார்கள், வீட்டில் கையாலேயே வரைந்து வரைந்து கொடுத்தாள். அத்தனைக்கும் கொட்டை என் கொட்டை.

சாத்தூர் வந்துவிட்டதா? வெள்ளரிக்காய் வாங்கிவிடாதே, எல்லாம் முற்றல். ஏய், அங்கிட்டுப் போடா, இந்தப் பிள்ளைக்கு வேண்டாம். நீ சொல்லத் தெரியாமல் முழிக்கிறாயே என்று நான் சொன்னேன்.

எங்கே விட்டேன்? அச்சு. கையால் வரைந்து மாளவில்லை என்று கொழுந்தன் முதலாளியிடம் கேட்டான். அவர் நல்ல மனுஷர். ஒரு ஜவுளிக்கடைக்காரர் காலண்டர் அடிக்கச் சொல்லிவிட்டுக் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். மயில் மேல் முருகன், இரண்டு பக்கமும் வள்ளி தெய்வானை. கீழே போடுகிற கடைப் பெயர்தான் பாக்கி. அந்த அட்டை கட்டுக்கட்டாகக் கிடந்தது. "முதுகு வெள்ளையாத்தானே இருக்கு, அதுல அடிச்சுக்கோ" என்றார். அடித்துவிட்டார்கள். அழகாகத்தான் வந்திருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன். என் சேலைக்குக் கூட நல்ல ஊதா நிறம் கொடுத்திருந்தார்கள்.

தெருவில் மாரியம்மன் பொங்கல். ராட்டினத்துக்குப் பக்கத்தில் வடிவு பாயை விரித்துக் கடை போட்டாள். கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து விளையாட ஆரம்பித்துவிட்டன. எங்கே திரும்பினாலும் "ஜெயாக்கா வந்துட்டா". அக்னிச்சட்டி எடுத்து வருகிறவர்கள் கூட என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் பொறுமையாகத்தான் போனேன். ஒரு அட்டையை எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். நான் சாமி பயம் உள்ளவள். பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா?

"ஏட்டி! முருகனைக் குப்புறக் கவுத்திப் போட்டு, அவரு முதுகுலயா குடத்தை உருட்டுதீக?"

 ஒரு பிள்ளை அட்டை மேல் காலை வைத்திருந்தது. அதன் அம்மா ஓடிவந்து காலை எடுத்துவிட்டு, அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிள்ளை முதுகில் ஒன்று வைத்தாள். அவ்வளவுதான். வாங்கினவர்கள் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். கீழே வைக்க முடியாது. திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை, சாமி படத்தை யார் வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பார்கள்? வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் தெருவில் சில வீட்டுச் சாமி படத்தைத் திருப்பினால் பின்னால் குழாயடி இருக்கும். மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

மிச்சக் கட்டு எல்லாம் வீடு வந்து சேர்ந்தது. வடிவு சுவருக்கு அந்தப் பக்கம் அழுதாள். கொழுந்தன் வந்து வாசலில் நின்றான். "ஏன் மதினி, தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? ஊரு கூடின இடத்துலயா?" என்றான். நான் சொன்னேன், "முருகன் என்ன தனியாவா கவுந்து கிடந்தாரு? ஊரு கூடின இடத்துலதானே கிடந்தாரு." திரும்பிப் போய்விட்டான். உண்மையைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

அப்புறம் என்ன செய்தாள் என்றால், இரண்டிரண்டு அட்டையாக எடுத்து முருகனையும் முருகனையும் உள்பக்கமாக வைத்து ஒட்ட ஆரம்பித்தாள். சாமி உள்ளே, விளையாட்டு வெளியே, இரண்டு பக்கமும். மைதா பசை காய்ச்சினாள் பார், கஞ்சி மாதிரி. அதைக் கரப்பான் விடுமா? சாமியைக் கரப்பான் தின்றால் அந்தப் பாவம் இந்த வீட்டுக்கு அல்லவா? நான் போய் மயில்துத்தம் போட்டு, கெட்டியாகக் காய்ச்சிக் கொடுத்தேன். மொட்டை மாடியில் பரப்பி, மேலே அம்மிக்கல், ஆட்டுக்கல், அண்டா என்று பாரம் ஏற்றி வைத்தோம். 'வைத்தோம்' என்றால் நான் வைத்தேன், அவள் பிடித்தாள். முருகனுக்காகத்தான் செய்தேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் எதற்கு இரண்டு பக்கம் என்று பிள்ளைகள் கேட்டன. அவள் ஒரு பக்கத்துக்கு நீல மையைத் தீட்டி, "இது மழைக்காலம், இதில் கல் வைக்க முடியாது, வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும்" என்றாள். உடனே பிய்த்துக்கொண்டு போனது. வெயில் பக்கம், மழைப் பக்கம் என்று இன்றைக்குப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மழைப் பக்கம் ஏது? டிவியில் அதைச் சொன்னாளா? சொல்ல மாட்டாள்.

அப்புறம் பஸ் ஸ்டாண்டில் விற்றது, திருநெல்வேலிக்குப் போனது, மதுரைக்குப் போனது. நான் போகாத ஊருக்கெல்லாம் என் பெயர் போனது. மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தேன். அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடினதாம். இவள் பெருமையாக, "அது எங்க அம்மா" என்றாளாம். பெருமை என்ன வேண்டிக் கிடக்கிறது?

அந்தக் கட்டத்தை எடு, எடு என்று நான் சொல்லாத இடமில்லை. காதுகுத்து வீட்டில் பந்தியில் சொன்னேன். என் வீட்டுக்காரர் தவறிப்போன பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வடிவு வந்தாள், அன்றைக்கும் சொன்னேன். "உன் அட்டையால என்னைச் சந்தி சிரிக்க வச்சே. அதை எடுக்கிற வரைக்கும் உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்றேன். வைக்கவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்கும், டிவி கேட்கும், அவள் இருமுகிறது கேட்கும். போக மாட்டேன். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. தெருக்குழாயைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஏதோ கட்சிக் கொடி நட்டிருக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் என்ன ஏது என்று சண்டைக்கு வரக்கூட ஒருத்தி கிடையாது. நல்லதுதான். நிம்மதியாக இருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அவளே வந்தாள். ஒரு சீப்புப் பழத்தோடு வந்து வாசலில் நின்றாள். முடியெல்லாம் நரைத்துவிட்டது அவளுக்கு. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவளே வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, கம்பெனிக்காரக கிட்டச் சொல்லிட்டேன். புதுசுல உன் படம் இருக்காது. பேரும் இருக்காது. இத்தனை வருஷம் உன்னை நோக அடிச்சிட்டேன். இனிமே அதுல நீ இல்லை."

நான் சீப்பில் எத்தனை பழம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சந்தோஷம்தானே யக்கா?"

"அந்தக் கட்டத்துல என்ன போடப் போறீக?"

"அதுவா... எருமை மாடு. எருமை புகுந்து குடத்தையெல்லாம் தள்ளி விட்டுருது. வரிசைக் கடைசிக்குப் போ. கம்பெனிக்காரகதான் சொன்னாக, பிள்ளைகளுக்கு மிருகம்னா பிடிக்குமாம்."

எருமை, தாயி. என் இடத்தில் எருமை.

அவள் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அன்றைக்கு உலை வைக்கவில்லை. மகளுக்குப் போன் போட்டேன். "நீதானேம்மா எடுக்கச் சொன்னே? இப்ப என்ன?" என்கிறாள். இப்ப என்னவாம். எடு என்று சொன்னால் எருமையை வை என்று அர்த்தமா? அவளுக்கும் புரியவில்லை. உனக்காவது புரிகிறதா?

கேளு. எருமைக்கு வரிசை தெரியுமா? அது பாட்டுக்கு வரும், முட்டும், போகும். அதன் மேல் யாருக்குக் கோபம் வரும்? வரிசை என்றால் என்னவென்று தெரிந்தவள்தான் வரிசையைக் கலைக்க முடியும். 'நான் காலையிலேயே கல் வச்சிட்டேன்' என்று எருமை சொல்லுமா? நாலு பேர் எதிர்த்துக் கேட்டால் நின்று பதில் சொல்லுமா? அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். குழாய்க்கு அருகில் போகப்போக ஒரு பயம் வர வேண்டும். அது இல்லாமல் சும்மா குடத்தை நகர்த்தினால் அது என்ன விளையாட்டு? அவளுக்கு இது தெரியும். தெரிந்தும் எனக்காக விட்டுக்கொடுக்கிறாளாம். யார் கேட்டது அவள் விட்டுக்கொடுப்பை? இத்தனை வருஷம் என்னோடு மல்லுக்கட்டினவள், இப்போது பழச் சீப்போடு வந்து, 'இனிமே அதுல நீ இல்லை' என்கிறாள். என்னை எடுக்க இவள் யார்?

சிரிக்காதே. நீ நினைக்கிற மாதிரி இல்லை. எனக்கு அந்தப் படம் இன்றைக்கும் பிடிக்காது. போய் ஃபோர்மேனிடம் சொல்லப் போகிறேன், எருமையை எடு, பழையபடி என்னை வை, ஆனால் மூக்கைச் சின்னதாக்கு. அப்புறம் வாயை மூடு. நான் சண்டைக்கு வரும்போது வாயைத் திறப்பதில்லை, முதலில் முறைப்பேன், அதிலேயே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். அதை அப்படியே வரையச் சொல்வேன். வடிவு அங்கேதான் நிற்பாள். அவளோடு பேச மாட்டேன். ஃபோர்மேனைப் பார்த்தே பேசுவேன். அவள் காதில் விழுந்தால் விழட்டும்.

சிவகாசி வந்துவிட்டதா? அப்படியானால் நான் எழுந்திருக்கிறேன். கொஞ்சம் காலை மடக்கு.

என்ன கேட்டாய்? நான் போவதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்திருந்தாலா?

தாயி, அடுத்தவள் குடம் அடியில் இருக்கும்போதே குழாயை மூடினவள் நான். மிஷினை மூட எனக்குத் தெரியாதா?